பாட்டியின் மாத்திரை, பேத்தியின் மாத்திரை

மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். பத்து மாத்திரை கொண்ட அட்டை. வெள்ளை நிறம், மற்ற மாத்திரைகளோடு வைத்துப் பார்த்தால் ஆள் கொஞ்சம் தடிமன். அட்டையைப் பிய்த்து மூக்கருகே கொண்டுபோனால் லேசாக மீன் கவிச்சி அடிக்கும். மருந்து கெட்டுவிட்டதோ என்று பயந்து சாப்பிடாமல் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கெடவில்லை, அது அதன் பிறவி வாடை.

தருமபுரி மாவட்டத்து மொரப்பூரில் இந்த மாத்திரை ஒரே வீட்டுக்குள் இரண்டு வழியாக வரும். பாட்டிக்குச் சர்க்கரை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலப் பெண் திண்ணையில் வந்து உட்கார்ந்து, சர்க்கரை அளவு பார்த்து, ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து, நோட்டில் குறித்துக்கொண்டு போவார். காசு கிடையாது. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி என்ற கிராமத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பேத்திக்கு இருபது வயது. மூன்று மாதமாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. தருமபுரியிலோ சேலத்திலோ ஸ்கேன் எடுத்து, 'பி.சி.ஓ.டி.' என்று சினைப்பைக் கோளாற்றின் பெயர் எழுதிய சீட்டோடு வருகிறாள். அவளுக்கும் அதே மருந்துதான். ஆனால் அது மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்கப்பட்டு, காகித உறைக்குள் போய், கைப்பையின் அடியில் வீடு வந்து சேர்கிறது. பாட்டியின் அட்டை டி.வி. மேல் எல்லோரும் பார்க்கக் கிடக்கும். பேத்தியின் அட்டை பீரோவில் துணிகளுக்குக் கீழே.

சர்க்கரை நோய் மாத்திரை எப்படிக் கல்யாணமாகாத பெண்ணின் பீரோவுக்குள் போனது என்பது நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை. அதில் நாலைந்து தடவை இந்த மருந்து செத்துப் பிழைத்திருக்கிறது.

தொடக்கம் ஒரு செடி. கலேகா அஃபிசினாலிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். ஊதாப் பூ பூக்கும், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, தெற்கு ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் தானாக வளர்வது. பால் சுரக்க வேண்டும் என்று அங்கே கறவைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சமாகத் தின்றால் சரி. ஆடு வயிறு முட்ட மேய்ந்தால் நெஞ்சில் நீர் கோத்து, மூச்சுத் திணறிச் சாகும். தீவனமாகும் என்று 1891-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே அது ஒழிக்க வேண்டிய களைகளின் பட்டியலில் இருக்கிறது. ஆட்டைக் கொல்லும் அந்தச் சரக்கின் பெயர் கலேகின். குவானிடின் என்ற ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. குவானிடின் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்று 1918-ல் வாட்டனபே என்பவர் விலங்குகளில் கண்டு சொன்னார்.

1922-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் எமில் வெர்னர், ஜேம்ஸ் பெல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் மெட்ஃபார்மினைத் தயாரித்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோயைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. ரசாயன வினையைப் பற்றி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். 1929-ல் ஜெர்மனியில் முயலுக்குக் கொடுத்துப் பார்த்து, சர்க்கரை குறைகிறது என்றார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்சுலின் வந்து ஏழெட்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஊசி மருந்து அற்புதம் செய்துகொண்டிருந்தபோது மாத்திரைக்கு யார் அலைவார்கள்? அதன் ஒன்றுவிட்ட உறவான சிந்தலின் ஏற்கெனவே விற்பனைக்கு வந்து, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக் குடும்பத்துக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்திருந்தது. மெட்ஃபார்மின் ஏறக்குறைய இருபது வருடம் மறக்கப்பட்டுக் கிடந்தது.

பிறகு மலேரியா வழியாக ஒரு திரும்பல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடியவர்கள் இதே குடும்பத்து மருந்துகளைக் கிளறினார்கள். போருக்குப் பிறகு பிலிப்பைன்ஸில் எயுசேபியோ கார்சியா என்ற மருத்துவர் மெட்ஃபார்மினை இன்ஃபுளுயன்சா காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்து, நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்குவதையும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பைக் கவனித்தவர் பாரிசில் இருந்த ழான் ஸ்டெர்ன். இளம் வயதில் கலேகின் ஆய்வில் கைவைத்து விட்டவர். 1957-ல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். 'குளுகோஃபேஜ்' என்ற வணிகப் பெயரும் அவர் காலத்தது. அதன் பிறகும் அமெரிக்கா உள்ளே விடவில்லை. இதன் அண்ணன் முறையான ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி ஆளைக் கொன்றதால் 1970-களின் இறுதியில் அங்கே விலக்கப்பட்டது. தம்பியையும் சந்தேகத்தோடே பார்த்தார்கள். 1994 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. ஐரோப்பா சாப்பிட ஆரம்பித்து முப்பத்தேழு வருடம் கழித்து!

இப்போது செடிக்கும் மாத்திரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுண்ணாம்பையும் கரியையும் மின் உலையில் சுட்டால் கால்சியம் கார்பைடு. அதோடு காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்தால் கால்சியம் சயனமைடு. அதிலிருந்து டைசயன்டயமைடு என்ற வெள்ளைத் தூள். இதில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. இன்னொரு சரக்கு டைமெத்திலமீன். அழுகிய மீனின் வாடைக்குக் காரணமான ரசாயனக் குடும்பம் இதுதான். இரண்டையும் சேர்த்துச் சூடேற்றினால் மெட்ஃபார்மின். கவிச்சியின் ஊர் தெரிந்துவிட்டது. இந்தத் தூளைச் செய்வதில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. ஒரு கிலோ தூளில் 2000 மாத்திரைக்கு மேல் வராது. வேறு சில சர்க்கரை மாத்திரைகள் ஒன்று, இரண்டு மில்லிகிராமில் வேலை செய்யும்போது இது அரை கிராம் கேட்கிறது. தடிமனுக்குக் காரணம் அதுதான்.

பாட்டியின் அட்டை தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே வருகிறது. 1994-ல் அமைக்கப்பட்ட அந்தக் கழகம் மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்கி, கிடங்கில் ஒதுக்கி வைத்து, தயாரிப்பாளரின் பெயரை மறைத்த மாதிரிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பி, தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு விடுகிறது. எந்த நிறுவனத்தின் மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. நல்ல ஏற்பாடு. பேத்தியின் அட்டை மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று வழக்கமான பாதையில் வருகிறது. விலை கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் சாதா மாத்திரை ஒன்று ஏறக்குறைய இரண்டு ரூபாய்தான். அதோடு இனோசிட்டால், விட்டமின் என்று ஏதேதோ சேர்த்து வண்ணப் பெட்டியில் போட்டு விற்கும் கூட்டு மாத்திரைகளும் உண்டு. அவற்றின் விலை வேறு. கூடுதல் பலனுக்கு ஆதாரம் விலையளவுக்கு இல்லை என்பது என் கணக்கு.

இனி பேத்தியின் நோய்க்கு வருவோம். 1935-ல் சிகாகோவில் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிலக்கு வராமை, தேவையற்ற இடத்தில் முடி, வீங்கிய சினைப்பைகள். வைத்தியம் கத்தி: சினைப்பையை ஆப்பு வடிவில் வெட்டி ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இரண்டு பேர் கருத்தரித்தார்கள். அப்படியென்றால் நோய் சினைப்பையில்தான் என்று உலகம் நாற்பது வருடத்துக்கு மேல் நம்பியது. ஸ்கேனில் சரம் சரமாகத் தெரியும் அந்த உருண்டைகளைப் பார்த்து, 'கட்டி இருக்குதாம், எடுத்துடணுமாம்' என்று பதறும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். அவை கட்டிகள் அல்ல. முதிர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள். எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

பாதியில் நிறுத்தியது யார்? 1980-ல் அமெரிக்காவில் பர்கன், கிவன்ஸ், கிட்டாப்சி ஆகியோர் இந்தப் பெண்களின் ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருப்பதையும், இன்சுலின் ஏற ஏற ஆண் ஹார்மோனும் ஏறுவதையும் காட்டினார்கள். காது மந்தமான பெரியவர் இருக்கும் வீட்டில் எல்லோரும் கத்திப் பேசுவோம். பெரியவருக்கு அப்போதுதான் கேட்கும், ஆனால் காது நன்றாக உள்ள பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி வந்துவிடும். தசைக்கும் கல்லீரலுக்கும் இன்சுலினின் குரல் கேட்கவில்லை. கணையம் இன்னும் உரக்கக் கத்துகிறது. சினைப்பைக்குக் காது கேட்கும். அது அந்தக் கத்தலைக் கேட்டு டெஸ்டோஸ்டிரோனைக் கூடுதலாகச் சுரக்கிறது, முட்டை முதிர்வது தடைப்படுகிறது. அப்படியானால் பெரியவரின் காதைச் சரிசெய்தால் போதுமே என்ற யோசனை யாருக்காவது வந்தே ஆகவேண்டும்.

வந்தது வெனிசுவேலாவில். ஆண்டீஸ் மலைத்தொடரில் உள்ள மெரிடா நகரத்தில், எல்சி வெலாஸ்கெஸும் கூட்டாளிகளும் 26 பெண்களுக்கு மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். இன்சுலின் இறங்கியது, ஆண் ஹார்மோன் இறங்கியது. மூன்று பெண்கள் எதிர்பாராமல் கருத்தரித்தார்கள். கட்டுரை வெளியானது 1994-ல். அமெரிக்கா இந்த மருந்தைச் சர்க்கரைக்கே அனுமதித்த அதே வருடம்! அதன் பிறகு ஜான் நெஸ்லர், கராகாஸைச் சேர்ந்த டானியலா ஜாகுபோவிச் ஆகியோர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு மருந்தைப் புகழின் உச்சிக்கு ஏற்றியது. பருமனான 61 பெண்கள். மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் 34 சதவீதத்தினருக்குத் தானாகவே முட்டை வெளியானது; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதத்தினருக்குத்தான். முட்டையை வெளியேற்றத் தூண்டும் க்ளோமிஃபீன் மாத்திரையைச் சேர்த்ததும் வித்தியாசம் இன்னும் பெரிதானது. உலகம் முழுக்கக் குழந்தையின்மைக் கிளினிக்குகளில் மெட்ஃபார்மின் சீட்டில் ஏறியது. 'குழந்தை மாத்திரை' என்று பெயரும் வாங்கியது.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 2007-ல் ரிச்சர்ட் லெக்ரோ குழுவினர் 626 பெண்களைக் கொண்டு செய்த ஆய்வில், ஆறு மாத சிகிச்சைக்குப் பிறகு உயிரோடு குழந்தை பிறந்தது க்ளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 22.5 சதவீதத்தினருக்கு, மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களில் 7.2 சதவீதத்தினருக்குத்தான். இரண்டையும் சேர்த்தாலும் பெரிய லாபமில்லை. குழந்தைக்காக இப்போது முதலில் எழுதப்படுவது லெட்ரசோல். அதையும் இந்தியாவில் 2011-ல் இந்த உபயோகத்துக்குத் தடைசெய்து, 2017-ல் தடையை விலக்கினார்கள். அது தனிக் கதை. மெட்ஃபார்மினுக்கு மிஞ்சியது அதன் பழைய வேலைதான்: இன்சுலினைத் தணிப்பது, எடை கூடாமல் பிடித்து வைப்பது, மாதவிலக்கை ஓரளவு ஒழுங்குபடுத்துவது, வரவிருக்கும் சர்க்கரையைத் தள்ளிப்போடுவது. எனக்கு இதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. இருபது வயதுப் பெண்ணுக்கு இது நல்ல மருந்து. இல்லாத வேலையை அதன் தலையில் கட்டியவர்கள் நாம்.

தள்ளிப்போடும் வேலைக்கு நம்மூர்ச் சான்றே இருக்கிறது. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ல் வந்தன. சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேர். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடை, சாப்பாட்டில் மாற்றம் என்று இருந்தவர்களில் 39.3. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் 40.5. இரண்டும் செய்தவர்களில் 39.5. கொடுத்த அளவு 250 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. அமெரிக்காவில் இதே நோக்கத்தில் நடந்த ஆய்வு ஒரு வேளைக்கு 850 கொடுத்தது. நம் உடம்புக்குச் சிறிய அளவே பேசியது என்பது ஒரு செய்தி. மாத்திரையும் நடையும் ஏறக்குறைய ஒரே எடையில் நின்றன என்பது இன்னொரு செய்தி. அதைச் சீட்டு எழுதும்போது யாரும் சொல்வதில்லை.

மொரப்பூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு ஏன் இன்சுலின் கேட்காமல் போகிறது என்று யோசித்தால் பஞ்சம் நினைவுக்கு வருகிறது. தாது வருஷப் பஞ்சம் (1876-78) பழைய சேலம் மாவட்டத்தை உலுக்கியது. தருமபுரி அப்போது அதில்தான் இருந்தது. மறுபடி பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வேண்டும் என்ற நோக்கத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் பாதை 1906-ல் திறக்கப்பட்டது. 1913-ல் ஓசூர் வரை நீண்டது, 1941-ல் போர்க் காலத்தில் மூடப்பட்டது. பஞ்சத்தில் பிழைத்த உடம்பு கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும் உடம்பாக இருக்கும், நிறைய கிடைக்கும் காலத்தில் அதுவே நோயாகும் என்று 1962-ல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலாளர் ஊகித்தார். ஊகம்தான், இன்னும் சண்டை ஓயவில்லை. அதைவிடக் கெட்டியான சான்று புனேயில் சி.எஸ். யாஜ்னிக் காட்டியது: அங்கே பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. எடையில் இவ்வளவு குறைந்தும் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. 'எம் பொண்ணு ஒல்லியாத்தானே இருக்கா, அவளுக்கு எப்படி வரும்?' என்ற கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது.

அடையாளம் பலருக்கு ஸ்கேனுக்கு முன்பே கழுத்தில் தெரிந்துவிடும். பின்கழுத்தில் அழுக்குப் படிந்தது போலக் கறுத்து, தொட்டால் வெல்வெட் போலத் தடித்து ஒரு பட்டை. கடலைமாவு, எலுமிச்சை, தயிர் என்று அம்மா தேய்த்துக்கொண்டே இருப்பார், போகாது. 'ஒழுங்கா தேச்சுக் குளி' என்று திட்டு வேறு. அது அழுக்கல்ல, ஏறிப்போன இன்சுலின் தோலில் எழுதும் எழுத்து. இதைத் தெரிந்துகொள்ள ரத்தம் எடுக்கக்கூட வேண்டியதில்லை.

எத்தனை பெண்களுக்கு இந்தக் கோளாறு? அளவுகோலைப் பொறுத்தது. நாடு தழுவிய ஒரு ஆய்வு 2024-ல் வெளிவந்தது; 18 முதல் 40 வயதுக்குள் 9,824 பெண்கள். பழைய, கறாரான அளவுகோலில் 7.2 சதவீதம், தளர்வான ராட்டர்டாம் அளவுகோலில் 19.6 சதவீதம். பெண்கள் அதே பெண்கள்தான். இந்த இடைவெளியில்தான் அநாவசியமாக மாத்திரை எழுதப்படுகிறவர்களும், எழுதப்பட வேண்டியிருந்தும் விடுபடுகிறவர்களும் நிற்கிறார்கள்.

மெடிக்கல் ஷாப்புக்கு வருவோம். சீட்டை நீட்டுகிறார் அம்மா. கடைப் பையன் அட்டையை எடுத்து வைத்துவிட்டுக் கேட்கிறான்: "இது சக்கரைக்குச் சாப்பிடுறதாச்சேக்கா, யாருக்கு?" பின்னால் தெரிந்த முகம் ஒன்று நிற்கிறது. "எனக்குத்தான் தம்பி." இந்த ஒரு பொய்யில் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. பெண்ணுக்குச் சர்க்கரையாம் என்று பேச்சுக் கிளம்பினால் ஜாதகம் வாங்கிப்போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். சர்க்கரை இல்லை, வேறு என்று சொன்னாலோ, 'குழந்தை நிக்காதாம்' என்று அது இன்னும் மோசமான பேச்சாகும். ஆகவே மாத்திரை இரண்டு மாதம் ஓடும், தேதி தள்ளிப்போகாமல் ஒருமுறை வந்ததும் நிறுத்தப்படும். இரண்டு ரூபாய் மாத்திரைக்கு விலை ஒரு தடையே அல்ல.

நிறுத்தப்படுவதற்கு இன்னொரு காரணம் வயிறு. முதல் நாளே முழு அளவு எழுதி, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிற்றால் போகும், வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. சாப்பாட்டின் நடுவே, பாதி அளவில் ஆரம்பித்து வாரக்கணக்கில் ஏற்றினால் பெரும்பாலானவர்களுக்குத் தாங்கும். நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 குறையும். வருடத்துக்கொரு ரத்தப் பரிசோதனை போதும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாது. இன்னொன்று: நின்றுபோன முட்டை சொல்லாமல் கொள்ளாமல் வெளியாகத் தொடங்கலாம். 'எனக்கு எங்கே நிக்கப்போகுது' என்று அசட்டையாக இருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

வீடு தேடி வரும் மாத்திரைப் பட்டியலில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும்தான் முதலிடம். பேத்தியின் கோளாறு சர்க்கரையாக முற்றிய பிறகு அவளும் அந்த நோட்டில் ஏறிவிடுவாள். திண்ணையில் உட்கார்ந்து பாட்டிக்கு விரலில் குத்தும் அதே பெண், உள்ளே இருக்கும் பேத்தியின் கழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று யாராவது உத்தரவு போட்டால், அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

உடம்புக்குள் போன மாத்திரையில் ஏறக்குறைய பாதிதான் ரத்தத்தில் ஏறுகிறது. கல்லீரலுக்குப் போய் அங்கே சர்க்கரை உற்பத்தியைக் குறைக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சம், பிறகு சிறுநீரகத்தின் வழியே வெளியே. உடம்பு இதை உடைப்பதே இல்லை. சீனத்துத் தூளும் மீன்வாடைச் சரக்கும் சேர்ந்து உருவான அதே மூலக்கூறு, ஒரு அணுகூட மாறாமல் கழிவறைக்குப் போகிறது. இவ்வளவு பேர் இவ்வளவு பெரிய அளவில் சாப்பிடும் மருந்து என்பதால் உலகெங்கும் கழிவுநீரில் அதிகம் தென்படும் மருந்துகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. சாக்கடையின் பாக்டீரியாக்களில் சில இதைத் தின்னவும் பழகிவிட்டன. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் வாக்கெட்டின் குழு அந்த நொதியைத் தேடிப் பிடித்திருக்கிறது. அது மெட்ஃபார்மினை இரண்டாக வெட்டுகிறது: ஒரு பாதி டைமெத்திலமீன், அதை பாக்டீரியா உணவாக்கிக்கொள்கிறது. மறுபாதி குவானைல்யூரியா; அது சுலபத்தில் சிதையாமல் ஆறு வரை போகிறது, ஐரோப்பிய ஆறுகளில் அதை அளந்திருக்கிறார்கள்.